ஆச்சியின் பெருவிரலும் நம்ம டிகிரியும்

போன செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ ஒரு காலையில ஆச்சி என்னை எழுப்பினா. "ஏல, இன்னிக்கு நீ என்கூட ரேசன் கடைக்கு வா. நீதான் கம்ப்யூட்டர் படிக்கியே, அந்த மிஷினுகிட்ட நீ பேசு" என்றாள். நான் படிப்பது இ.சி.இ. ஆச்சிக்கு கரண்டில் ஓடுவது எல்லாமே கம்ப்யூட்டர்தான். மறுத்துப் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஆச்சி முப்பத்தஞ்சு வருஷம் பீடி சுத்தினவள். நெல்லைப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் என்று எந்தப் பக்கம் போனாலும், மடியில் தட்டை வைத்துக்கொண்டு, இலையை வெட்டி, தூளை வைத்து உருட்டி, நூல் சுத்துகிற பெண்களைப் பார்த்திருப்போம். நம்மில் பல பேருக்கு ஸ்கூல் பீஸ் அந்தத் தட்டிலிருந்துதான் வந்தது. அத்தனை வருஷம் இலையில் உரசி உரசி, ஆச்சியின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கூழாங்கல் மாதிரி வழவழன்னு ஆகிவிட்டது.

கடையில் வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்தது. ஆச்சி விரலை வைத்தாள். மிஷின் கத்தியது. துடைத்துவிட்டு வைத்தாள். மறுபடி கத்தியது. இடது கை, வலது கை, மோதிர விரல், சுண்டு விரல் எல்லாம் பார்த்தாச்சு. விற்பனையாளர் நல்ல மனுஷன், கோபப்படவில்லை. "ரேகை விழலியே ஆச்சி, ஓ.டி.பி. போட்டுப் பார்ப்போம்" என்றார். ஓ.டி.பி. போன நம்பர் திருப்பூரில் இருக்கிற மாமாவுடையது. மாமா ஷிப்டில் இருந்தார், போனை எடுக்கவில்லை. கார்டில் ஆச்சி ஒருத்தி பெயர் மட்டும்தான் இருக்கிறது, வேற யாரும் விரல் வைக்கவும் வழியில்லை. வெறும் பையோடு திரும்பினோம்.

வரும் வழியில் ஆச்சி சொன்னதுதான் என்னை இதை எழுத வைத்தது. "அந்தக் கடைக்காரருக்கு என்னைத் தெரியும். வரிசைல நின்ன அத்தன பேருக்கும் என்னைத் தெரியும். அந்த மிஷினுக்கு மட்டும் தெரியலங்கு. இத்தன பேரு சொல்லு எடுபடாம, அது சொல்லு மட்டும் எடுபடுதே, அது எப்பிடில?"

என்னிடம் பதில் இல்லை. மூணு வருஷம் இன்ஜினியரிங் படிச்சாச்சு.

கட்-ஆஃப் வைக்கிறது யாரு?

இதில் என்னுடைய தப்பு ஒன்றும் இருக்கிறது. அதே செமஸ்டரில் நானும் இரண்டு நண்பர்களும் மினி ப்ராஜெக்ட்டாகச் செய்தது கைரேகை ஒப்பிடும் ஒரு சிஸ்டம். ஹாஸ்டல் பசங்க விரல்களை வைத்துத்தான் டெஸ்ட் பண்ணினோம். ரிசல்ட் நன்றாக வந்தது, வைவாவில் பாராட்டும் கிடைத்தது. "இது யாருடைய விரல்?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை. எல்லாமே இருபது வயசு விரல். அதிகபட்சம் போனைத் தேய்த்த விரல்.

கைரேகை மிஷின் எப்படி முடிவெடுக்கிறது? ரேகைகள் முடிகிற இடம், பிரிகிற இடம் ஆகியவற்றைப் புள்ளிகளாக எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே பதிவாகி இருக்கும் ரேகையோடு ஒப்பிட்டு ஒரு மார்க் போடும். "ஆமாம், இவர்தான்" என்று நூறு சதவீத உறுதியோடு அது ஒருபோதும் சொல்வதில்லை. வந்த மார்க் ஒரு குறிப்பிட்ட எல்லைக்கு மேலே இருந்தால் பாஸ், கீழே இருந்தால் ஃபெயில். கவுன்சிலிங் கட்-ஆஃப் மாதிரிதான்.

அந்தக் கட்-ஆஃபை எங்கே வைப்பது? உயரமாக வைத்தால் வேற ஆள் உள்ளே நுழைவது குறையும். ஆனால் உண்மையான ஆளையே "நீ இல்லை" என்று சொல்வது கூடும். இறக்கி வைத்தால் நேர் எதிராக நடக்கும். நல்ல சென்சார், நல்ல அல்காரிதம் போட்டால் இரண்டு தப்பையுமே குறைக்கலாம், முழுசாக ஒழிக்க முடியாது. மிச்சம் இருக்கிற தப்பை யார் தலையில் வைப்பது என்பதை ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். அரசுக்குக் கொஞ்சம் அரிசி நஷ்டமானாலும் பரவாயில்லை என்பதா? ஒரு கிழவி வெறும் பையோடு போனாலும் பரவாயில்லை என்பதா? இந்தக் கேள்விக்கு மேட்லாப்பில் விடை கிடையாது. இது கொள்கை முடிவு.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு பேச்சுக்கு, ஆயிரம் கார்டு உள்ள கடையில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு ரேகை விழவில்லை என்று வைத்துக்கொள்வோம். இருபது கார்டு. ரிப்போர்ட்டில் "98 சதவீதம் வெற்றி" என்று அழகாக இருக்கும். ஆனால் அந்த இருபது பேர் மாசத்துக்கு மாசம் மாறுகிற ஆட்கள் இல்லை. வயசானவர்கள், பீடி சுத்துகிறவர்கள், செங்கல் சுமக்கிறவர்கள், நாள் பூரா பாத்திரம் தேய்க்கிறவர்கள் என்று ஒரே ஆட்கள்தான் ஒவ்வொரு மாசமும் அந்த இருபதுக்குள் வருவார்கள். சராசரியை மட்டும் பார்க்கிற இன்ஜினியர் கண்ணுக்கு இது தெரியாது. அந்தத் தெருவில் வளர்ந்த இன்ஜினியருக்குத் தெரியும், தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. மிஷின் செய்யத் தெரிந்த ஆட்களில் சிலராவது, அந்த மிஷின் எந்த விதிப்படி ஓட வேண்டும் என்று எழுதும் இடத்துக்குப் போக வேண்டும். பொதுக்கொள்கை, தொழில்நுட்ப ஆளுகை என்று உலகம் முழுக்க இதற்கு ஒரு துறையே இருக்கிறது. நம்ம ப்ளேஸ்மென்ட் செல் போஸ்டரில் அது வருவதில்லை என்பதால் அப்படி ஒரு வேலையே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

மடையைத் திறக்க ரெஞ்சு போதுமா?

இது ஏதோ டெல்லியிலிருந்து வந்த புதுச்சரக்கு என்று நினைக்க வேண்டாம். தாமிரபரணிக் கரையில் இருக்கிற நமக்கு இது பழகின விஷயம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் வரைக்கும் இந்த ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. அதில் ஏழு, பிரிட்டிஷ்காரன் வருவதற்கு முன்னாலேயே கட்டியவை. கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய் என்று கிளை பிரிந்து, காருக்கும் பிசானத்துக்கும் தண்ணீர் போகிறது.

கல்லை அடுக்கி அணை கட்டினது இன்ஜினியரிங். ஆனால் எந்தக் காலுக்கு முதலில் தண்ணீர், எத்தனை நாள், பற்றாக்குறை வருஷத்தில் கார் சாகுபடிக்கு விடலாமா அல்லது பிசானத்துக்குச் சேர்த்து வைக்கலாமா, குடிதண்ணீருக்கு எவ்வளவு, ஆலைக்கு எவ்வளவு என்பதை அந்தக் கல் சொல்லாது. மடையின் ஷட்டரைத் திறக்க ஒரு ஆளும் ரெஞ்சும் போதும். எப்போது திறக்க வேண்டும் என்று முடிவு செய்ய வரிசை, வழக்கம், ஊர்க்கூட்டம், கலெக்டர் உத்தரவு எல்லாம் வேண்டும். மேல்கால் ஆளுக்கும் கடைமடை ஆளுக்கும் நடுவில் வரும் சண்டை ஷட்டரின் தரத்தைப் பற்றியது இல்லை என்று நம்ம தாத்தாக்களுக்குத் தெரியும்.

கங்கைகொண்டான் சிப்காட் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுப்பதை எதிர்த்து வழக்கு நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 2016 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது, 2017 மார்ச்சில் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பு சரியா தப்பா என்று ஆளுக்கு ஒரு கருத்து இருக்கும், இருக்கட்டும். ஆனால் அதைப் பற்றி உருப்படியாக வாதிட வேண்டுமானால் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று அளக்கத் தெரிய வேண்டும், ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிய வேண்டும், சட்டமும் கொஞ்சம் விவசாயமும் தெரிய வேண்டும். எந்த ஒரு டிபார்ட்மென்ட்டும் இதை முழுசாகக் கற்றுத் தருவதில்லை.

மிஷின் பாஸ், சட்டம் ஃபெயில்

சுஜாதாவைப் படிக்காத இன்ஜினியரிங் ஹாஸ்டல் தமிழ்நாட்டில் இருக்காது. அவர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கியவர் என்பதும் நமக்குத் தெரியும். அந்த இயந்திரத்தின் கதையில் பலருக்குத் தெரியாத ஒரு பக்கம் உண்டு.

1982-ல் கேரளாவின் பரவூர் சட்டமன்றத் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதல்முறையாக வாக்குப்பதிவு இயந்திரம் பயன்படுத்தப்பட்டது. தோற்ற வேட்பாளர் ஏ.சி. ஜோஸ் வழக்குப் போட்டார். 1984-ல் உச்சநீதிமன்றம், இயந்திரம் நல்லதா கெட்டதா என்ற விவாதத்தின் மேல் அந்த வழக்கை முடிக்கவில்லை. இயந்திரத்தில் ஓட்டுப் போடலாம் என்று சட்டத்தில் எங்கேயும் எழுதவில்லை, தேர்தல் ஆணையம் தானாக அதைக் கொண்டுவர முடியாது என்று சொல்லி, அந்த 50 சாவடிகளின் வாக்குப்பதிவைச் செல்லாததாக்கியது. மறுவாக்குப்பதிவில் ஜோஸ் ஜெயித்தார். 1988-ல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டு 61ஏ என்ற பிரிவு சேர்ந்த பிறகுதான் இயந்திரத்துக்கு உள்ளே வர வழி பிறந்தது.

கதை அதோடு முடியவில்லை. "நான் போட்ட ஓட்டு நான் போட்ட ஆளுக்குத்தான் விழுந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்ற சாதாரண வாக்காளனின் கேள்வி அப்படியே இருந்தது. 2013-ல் உச்சநீதிமன்றம் காகிதச் சான்று அவசியம் என்று சொன்னது. இப்போது நாம் ஏழு விநாடி கண்ணாடி வழியாகப் பார்க்கிற விவிபாட் சீட்டு அந்தக் கேள்விக்கான பதில். அந்தச் சீட்டு முதலில் ஒரு குடிமகனின் உரிமையாகத்தான் பேசப்பட்டது, சர்க்யூட்டில் சேர்ந்தது அதற்கப்புறம். ஒரு இயந்திரம் மக்களிடம் போய்ச் சேர சர்க்யூட் போடத் தெரிந்தவரும் சட்டப்பிரிவு எழுதத் தெரிந்தவரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டியிருக்கிறது.

கென்யாவிலும் இதே வரிசை

ஆச்சி கதையை ஹாஸ்டலில் சொன்னபோது ஒரு சீனியர், "இது நம்ம ஊர் பிரச்சினை மட்டும் இல்லடா, கென்யாவைப் பாரு" என்றார். பார்த்தேன்.

2019-ல் கென்யா அரசு 'ஹுடுமா நம்பா' என்ற பெயரில் ஆதார் மாதிரி ஒரு எண்ணைக் கொண்டுவந்தது. ஹுடுமா என்றால் ஸ்வாஹிலி மொழியில் சேவை. கைரேகை, முகம் எல்லாம் எடுத்தார்கள். சட்டத்தில் டி.என்.ஏ., வீட்டின் ஜி.பி.எஸ். இருப்பிடம் வரைக்கும் கேட்க இடம் இருந்தது. அங்கே நூபியர்கள் என்று ஒரு சமூகம் உண்டு. பிரிட்டிஷ் ராணுவத்துக்காக சூடானிலிருந்து கொண்டுவரப்பட்ட சிப்பாய்களின் வாரிசுகள். பல தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தும், அடையாள அட்டை வாங்குவதற்கே தனி விசாரணையைத் தாண்ட வேண்டிய நிலை அவர்களுக்கு. "பழைய அட்டையே கிடைக்காத எங்களுக்குப் புது எண் எப்படிக் கிடைக்கும்? எல்லாச் சேவைக்கும் அது கட்டாயம் என்றால் நாங்கள் எங்கே போவோம்?" என்பதுதான் அவர்கள் பிரச்சினை. அவர்களின் அமைப்பும் மற்ற உரிமை அமைப்புகளும் நீதிமன்றம் போயின.

2020 ஜனவரியில் கென்ய உயர்நீதிமன்றம் டி.என்.ஏ.வும் ஜி.பி.எஸ்.சும் எடுப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. மற்றபடி திட்டம் நடக்கலாம், ஆனால் முறையான விதிகளை முதலில் கொண்டுவர வேண்டும் என்றது. நம்ம உச்சநீதிமன்றத்தின் ஆதார் தீர்ப்பும் அந்த வழக்கில் அலசப்பட்டது. 2021 அக்டோபரில் இன்னொரு தீர்ப்பு வந்தது. தரவுப் பாதுகாப்புத் தாக்க மதிப்பீடு செய்யாமல் அட்டை வழங்க ஆரம்பித்தது சட்டப்படி செல்லாது என்றது.

'தாக்க மதிப்பீடு' என்ற சொல்லைக் கவனியுங்கள். அணை கட்டும் முன் சுற்றுச்சூழல் மதிப்பீடு செய்வது போல, ஒரு டேட்டாபேஸ் கட்டும் முன் அதனால் யாருக்கு என்ன கேடு வரலாம் என்று எழுதிப் பார்ப்பது. அதை எழுத வக்கீல் மட்டும் போதாது. டேட்டா எங்கே சேமிக்கப்படுகிறது, யார் பார்க்கலாம், சர்வர் படுத்தால் என்ன ஆகும், கட்-ஆஃப் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆள் வேண்டும். இன்ஜினியர் மட்டும் போதாது, நூபியர்களின் கதை தெரிந்த ஆளும் வேண்டும். இரண்டும் ஒரே ஆளுக்குத் தெரிந்தால் இன்னும் நல்லது.

அப்படிப்பட்ட ஒரு ஆளும் கென்யாவில் இருந்தார். கலெஸ்டஸ் ஜூமா. 1953-ல் விக்டோரியா ஏரிக்கரைப் பக்கம் பிறந்தவர். பள்ளி ஆசிரியராக ஆரம்பித்து, பிறகு நைரோபியில் ஒரு தினசரியில் அறிவியல் நிருபரானார். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் அறிவியல், தொழில்நுட்பக் கொள்கையில் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பி, 1988-ல் நைரோபியில் ஆப்பிரிக்கத் தொழில்நுட்ப ஆய்வு மையத்தைத் தொடங்கினார். ஐ.நா.வின் பல்லுயிர்ப் பெருக்க உடன்படிக்கையின் செயலாளராக இருந்தார். ஆப்பிரிக்க ஒன்றியம் நவீன உயிரித் தொழில்நுட்பம் பற்றி அமைத்த குழுவுக்கு இணைத்தலைவர். கடைசியில் ஹார்வர்டு பேராசிரியர். 2017-ல் காலமானார். புதுத் தொழில்நுட்பங்களை மக்கள் ஏன் எதிர்க்கிறார்கள் என்று காபியிலிருந்து டிராக்டர் வரைக்கும் ஒரு புத்தகமே எழுதினார். எதிர்க்கிறவர்களை முட்டாள் என்று ஒதுக்காமல், அவர்களுக்கு எதை இழப்போம் என்ற பயம் இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கச் சொன்னவர்.

வாத்தியார், நிருபர், ஆய்வாளர், ஐ.நா. அதிகாரி. நம்ம வீட்டில் இப்படி ஒரு ரெஸ்யூமேயைக் காட்டினால் "ஒரு வேலைல நிலையா இருக்கத் தெரியல" என்பார்கள். ஆனால் ஏரிக்கரை ஊரில் வளர்ந்ததும், நிருபராகச் சாதாரண ஜனங்களுக்கு எழுதியதும் இல்லாமல் அந்த மனுஷனுக்குக் கொள்கை எழுதத் தெரிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

கூடங்குளம் பக்கத்துலதான்

நைரோபி தூரம் என்றால் கூடங்குளம் நம்ம மாவட்டம். 2019 அக்டோபர் கடைசியில், அணுமின் நிலையத்தின் கம்ப்யூட்டரில் மால்வேர் புகுந்துவிட்டதாகச் செய்தி பரவியது. முதலில் நிலையத்தின் தரப்பில் மறுப்பு வந்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் மால்வேர் இருந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைகளுக்கான, இன்டர்நெட் இணைப்புள்ள பிணையத்தில் ஒரு கம்ப்யூட்டரில்தான் இருந்தது, உலையை இயக்கும் பிணையம் தனி, அதற்குப் பாதிப்பு இல்லை என்றது. செப்டம்பர் 4-ம் தேதியே தகவல் வந்து விசாரித்ததாகவும் சொன்னது.

இரண்டு பிணையங்களையும் பிரித்து வைப்பது எப்படி என்று நம்ம நெட்வொர்க் பேப்பரிலேயே வந்துவிடும். ஆனால் செப்டம்பரில் தெரிந்ததை இடிந்தகரை மக்களுக்கு யார், எப்போது, எந்த மொழியில் சொல்ல வேண்டும்? எதைச் சொல்லாமல் வைப்பது பாதுகாப்பு, எதைச் சொல்லாமல் வைப்பது மறைப்பு? செய்தி வந்த பிறகு முதலில் "இல்லை", அடுத்த நாள் "ஆமாம்" என்றால், அதற்கப்புறம் சொல்கிற நல்ல தகவலையும் யார் நம்புவார்கள்? இதற்கெல்லாம் விதி வேண்டும். அந்த விதியை எழுத உட்காருகிறவர்களில் ராதாபுரம் தாலுகாக்காரன் ஒருத்தனாவது இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, வேலை கிடைக்குமா?

இந்தக் கேள்வியைத் தாண்டி யாரும் போக முடியாது, போகவும் கூடாது. எஜுகேஷன் லோன் வாங்கிப் படிக்கிறவன்தான் நானும். "சமுதாயத்துக்கு உழைப்போம் வாங்க" என்று கூப்பிட எனக்குத் தகுதி இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் இடங்கள் குறைவு, பெரும்பாலும் சென்னை, பெங்களூரு, டெல்லி. ஆரம்பச் சம்பளம் நல்ல ஐ.டி. கம்பெனியோடு போட்டி போடாது. பேச்சு, எழுத்து, இன்டர்வியூ எல்லாம் ஆங்கிலம். அப்பா அம்மாவுக்கு விளக்குவதே ஒரு வைவா. அதனால் வீட்டு நிலைமை நெருக்கினால் முதலில் வேலைக்குப் போங்க, கடனைக் கட்டுங்க. மூணு நாலு வருஷம் மிஷினோடு பழகிய பிறகு இந்தப் பக்கம் வந்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது. சொல்லப்போனால் அப்படி வருகிறவர்களுக்குத்தான் மதிப்பு அதிகம்.

வழி இல்லாமலும் இல்லை. தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தில் தேர்வாகிறவர்கள் இரண்டு வருஷம் உதவித்தொகையோடு அரசுத் துறைகளோடு வேலை பார்க்கிறார்கள், பொறியியல் பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம். பி.ஆர்.எஸ். நடத்தும் 'லேம்ப்' ஃபெல்லோஷிப்பில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆராய்ச்சி உதவியாளராகப் பல மாதங்கள் இருக்கலாம், எந்த டிகிரி என்றாலும் சரி. டெல்லி, பம்பாய் ஐ.ஐ.டி.களில் பொதுக்கொள்கை முதுகலை இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பொறுப்பான செயற்கை நுண்ணறிவுக்கென்றே ஒரு மையம் 2023-ல் தொடங்கியது. அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால், நம்ம நெல்லையிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. பி.இ. முடித்து மூணு வருஷ சட்டப் படிப்பு படித்த ஒருத்தருக்கு, டேட்டா பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்த பிறகு, வேலை கூடுமே தவிர குறையாது.

"இதுக்கெல்லாம் சாஃப்ட்வேர் தெரிஞ்சவன் எதுக்கு, ஐ.ஏ.எஸ். ஆபீசர் பாத்துப்பாங்க" என்று ஒரு நண்பன் சொன்னான். தமிழ்நாடு அரசு 2020-லேயே பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கான கொள்கை என்று ஒரு ஆவணம் வெளியிட்டது. அரசுத் துறைகள் ஒரு ஏ.ஐ. சிஸ்டத்தை மக்களிடம் விடுவதற்கு முன் பாரபட்சம், அந்தரங்கம், தணிக்கை என்று பல தலைப்புகளில் அதற்கு மதிப்பெண் போட்டுப் பார்க்க வேண்டும் என்கிறது அது. நல்ல யோசனை. ஆனால் அந்த மதிப்பெண்ணைப் போடப் போகிறது யார்? கோடைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்தானே போட முடியும்? ஆபீசர் கையெழுத்துப் போடலாம், பேப்பர் திருத்த வாத்தியார் வேண்டும் இல்லையா?

இப்பவே செய்யக்கூடியது

ஃபெல்லோஷிப்புக்குக் காத்திருக்க வேண்டாம். இந்த செமஸ்டரிலேயே செய்யக்கூடியது சில இருக்கிறது.

முதல்ல, ப்ராஜெக்ட். அடுத்து பயோமெட்ரிக், முகம் அடையாளம் காண்பது, தமிழ்க் குரல் அறிவது என்று எதைச் செய்தாலும், டெஸ்ட் பண்ணுகிற ஆட்களை ஹாஸ்டலுக்கு வெளியேயும் தேடுங்க. அவர்களிடம் விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்கி, வேலை முடிந்ததும் டேட்டாவை அழித்துவிடுங்க. ரிப்போர்ட்டில் சராசரியோடு நிறுத்தாமல், "யாருக்குத் தப்பாகிறது" என்று ஒரு பக்கம் சேருங்க. எந்த கைடும் அதற்காக மார்க் குறைக்க மாட்டார்.

அடுத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2005-லிருந்து இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் தாலுகாவில் போன மாதம் எத்தனை பேருக்குக் கைரேகை பொருந்தவில்லை, அதில் எத்தனை பேருக்கு மாற்று வழியில் பொருள் கொடுக்கப்பட்டது என்று கேட்கலாம். லாக் ஃபைல் படிக்கத் தெரிந்த நமக்குத்தான் எந்தக் கேள்வி கேட்டால் உண்மையான எண் வரும் என்று தெரியும்.

மூணாவது, வரைவு விதிகள். மத்திய அரசு 2025 ஜனவரியில் டேட்டா பாதுகாப்பு வரைவு விதிகளை மக்கள் கருத்துக்காக வெளியிட்டது. நம்ம வகுப்பில் எத்தனை பேர் படித்தோம்? 2015-ல் நெட் நியூட்ராலிட்டி பிரச்சினை வந்தபோது டிராய்க்குப் போன மின்னஞ்சல்கள் பத்து லட்சத்துக்கும் மேலே. அதில் பெரும் பங்கு நம்ம வயசுப் பிள்ளைகள்தான் இருக்க வேண்டும். 2016 பிப்ரவரியில் டிராய், இணையத்தில் எதைப் பார்க்கிறோம் என்பதை வைத்துக் கட்டணத்தை மாற்றக் கூடாது என்று விதி போட்டது. மெயில் அனுப்பினால் ஒன்றும் ஆகாது என்பவர்களுக்கு இதைச் சொல்லுங்க.

கடைசியாக, தமிழ். மத்திய அரசிதழ் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகிறது. பீடி சுத்துகிற ஒரு பெண்ணின் ரேகையைப் பற்றிய விதியை அவள் படிக்க முடியாது. இரண்டு பக்கத்தில் நல்ல தமிழில் சுருக்கி எழுதி இதே இதழுக்கு அனுப்பினால் போடுவார்கள். அது பெரிய வேலை. வாட்ஸ்அப்பில் சுத்தி ரேஷன் கடை வரிசை வரைக்கும் போகும்.

ஆச்சி விஷயத்துக்கு வருகிறேன். 2018 ஆதார் வழக்கில், ரேகை பொருந்தவில்லை என்பதற்காக யாருக்கும் சேர வேண்டியதை மறுக்க மாட்டோம் என்று அரசு தந்த உறுதியை உச்சநீதிமன்றமே பதிவு செய்திருக்கிறது. எனக்கு அது அன்றைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கடையில் நின்று நிதானமாகப் பேசியிருப்பேன். மறுநாள் மாமா ஷிப்ட் முடிந்து ஓ.டி.பி. சொன்ன பிறகு அரிசியும் சீனியும் வாங்கி வந்தோம். சாயங்காலம் ஆச்சியின் கார்டில் இருந்த போன் நம்பரை மாற்ற விண்ணப்பம் போட்டேன். அந்த நம்பர் மாறிவிட்டது. விரலுக்கு இன்னும் வழி இல்லை.

"மிஷினுகிட்ட பேசினியால?" என்று ஆச்சி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் கேட்கிறாள். என்னோடு சேர்ந்து அந்த ஆர்.டி.ஐ.யை எழுத வக்கீலுக்குப் படிக்கிற ஒருத்தரும், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தெரிந்த ஒருத்தரும் வேண்டும். எந்த டிபார்ட்மென்ட், எந்தக் காலேஜ் என்றாலும் சரி. ஆசிரியர் குழுவிடம் சொல்லி அனுப்புங்க.